அடுத்தவங்க பாட்டை ரீமிக்ஸ் பண்ணப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தங்கச்சி, ஒரு பாட்டை ரீமிக்ஸ் பண்ணச் சொல்லி உன் கையில கொடுத்துட்டாங்கன்னா, உடனே லேப்டாப்பைத் திறந்து கிக் சத்தம் தேட ஆரம்பிக்காதே. ரெண்டு நாள் அந்தப் பாட்டைச் சும்மா கேளு. பஸ்ல கேளு, துணி மடிக்கிறப்போ கேளு. அப்புறம் நிறுத்திடு. பாட்டு ஓடாத நேரத்துல எந்த இடம் தானா உன் வாயில வருதுன்னு கவனி. அந்த இடத்தைப் பத்திரமா வெச்சுக்கோ, மத்ததெல்லாம் அதைச் சுத்தி வரட்டும். அது பல்லவியாத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சரணம் முடியற இடத்துல பாடகி விடுற மூச்சா இருக்கலாம், இன்டர்லூட்ல புல்லாங்குழல் வாசிக்கிற நாலு சுரமா இருக்கலாம்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 'டாம்ஸ் டைனர்'. நியூயார்க் பாடகி சுசான் வேகா, 1987ல வந்த 'சாலிட்யூட் ஸ்டாண்டிங்' ஆல்பத்துல அதை வாத்தியமே இல்லாம வெறும் குரல்ல பாடியிருப்பாங்க. ஒரு காலை நேரம், ஒரு சாப்பாட்டுக் கடை, காபியோட உட்கார்ந்து சுத்திப் பார்க்கிற ஒருத்தி, அவ்வளவுதான் விஷயம். 1990ல இங்கிலாந்துல டிஎன்ஏங்கிற பேர்ல ரெண்டு பேர் அந்தக் குரலுக்கு அடியில ஒரு டான்ஸ் பீட் போட்டாங்க. பீட் போடுறது யாரும் செய்யக்கூடியது. அவங்க காதுதான் பெருசு. பாட்டோட கடைசியில வேகா வார்த்தையே இல்லாம ஹம் பண்ணிக்கிட்டுப் போற ஒரு சின்ன மெட்டு இருக்கு. ஒரிஜினல்ல அது பாட்டு முடியற வால். டிஎன்ஏ அதைத் தூக்கி முன்னாடி வெச்சு, திரும்பத் திரும்ப வர்ற ஹூக் ஆக்கிட்டாங்க. பிரிட்டன்ல 2வது இடம், அமெரிக்காவுல 5வது இடம் வரைக்கும் போச்சு. இன்னிக்கு அந்தப் பாட்டைச் சொன்னாலே பலருக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த ஹம்மிங்தான். பாடினவங்களே ஓரமா விட்டுட்டுப் போன இடத்துல அப்படி ஒண்ணு கிடைக்கும். உன் பாட்டுலயும் கடைசி இருபது செகண்டை ஹெட்போன் போட்டு நல்லாக் கேளு.

முதல்ல அனுமதி

அதே கதையில இன்னொரு பாதியும் இருக்கு. டிஎன்ஏ யார்கிட்டயும் கேட்காமத்தான் அந்த ரெக்கார்டை முதல்ல வெளியில விட்டாங்க. வேகாவுக்கு அது பிடிச்சுப் போனதால, வழக்குக்குப் போகாம அவங்க ரெக்கார்ட் கம்பெனியே அதை முறைப்படி வெளியிட்டுச்சு. 1991ல 'டாம்ஸ் ஆல்பம்'னு, அந்தப் பாட்டைப் பலர் பலவிதமா பண்ணினதைத் திரட்டி ஒரு தொகுப்பே வந்துச்சு. அதைப் பார்த்து "முதல்ல போட்டுடலாம், அப்புறம் பேசிக்கலாம்"னு நீ கிளம்பிடாதே. அப்படி ஒரு மனசு உள்ள பாடகி எல்லாருக்கும் வாய்க்க மாட்டாங்க.

நம்ம நாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கோ. ஒரு பாட்டுல ஒரே ஒரு சொத்து இருக்கிறதா நினைக்காதே. வரிகளும் மெட்டும் ஒரு பக்கம், அதைப் பாடி வாசிச்சுப் பதிவு பண்ணின ஒலிப்பதிவு இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் சொந்தக்காரர் வேற வேற ஆளா இருக்கலாம். ஒலிப்பதிவுலேருந்து குரலை எடுக்கிற ரீமிக்ஸுக்கு ரெண்டு பக்கமும் கேட்டாகணும். "அஞ்சு வருஷம் ஆன பாட்டை யார் வேணும்னாலும் பண்ணலாமாமே"ன்னு உன்கிட்ட யாராவது சொல்வாங்க. பதிப்புரிமைச் சட்டத்தை 2012ல திருத்தினப்போ வந்த 31சி பிரிவைத்தான் அவங்க அரைகுறையாச் சொல்றாங்க. அது நீயே புதுசாப் பாடி, வாசிச்சுப் பதிவு பண்ற கவர் வெர்ஷனுக்கு. அதுலயும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து ராயல்டி கட்டணும், வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. வெட்டி ஒட்டுற ரீமிக்ஸுக்கு அந்த வழி பொருந்தாது. இன்னொண்ணு, பாட்டை எழுதினவரும் மெட்டமைச்சவரும் உரிமையை வித்துட்டாலும், தன் பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி அதைச் சிதைச்சா கேள்வி கேட்கிற உரிமையை 57வது பிரிவு அவங்களுக்குக் கொடுக்குது. எனக்கு அந்தப் பிரிவு மேல ரொம்ப மரியாதை உண்டு.

"ஏழு செகண்ட் எடுத்தா பரவாயில்ல", "டிஸ்கிரிப்ஷன்ல பேர் போட்டாச்சு" ரெண்டும் வெறும் நம்பிக்கை, சட்டத்துல அப்படி ஒரு கணக்கு கிடையாது. யூட்யூப்ல கன்டென்ட் ஐடி உன் ஃபைலைத் தானாவே ஒப்பிட்டுப் பார்த்துடும். சொந்தக்காரர் விரும்பினா வீடியோவைத் தடுக்கலாம், வர்ற பணத்தைத் தன் பக்கம் எடுத்துக்கலாம்.

கத்துக்கிற காலத்துல சினிமாப் பாட்டைத்தான் தொடணும்னு என்ன? ரீமிக்ஸ் போட்டி நடத்துறவங்க, குரலும் வாத்தியமும் தனித்தனியா இருக்கிற ஸ்டெம் ஃபைல்களைத் தாங்களே கொடுப்பாங்க. 2008ல ரேடியோஹெட் குழு 'நியூட்' பாட்டோட குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாத்தையும் தனித்தனியா வித்து, வேணுங்கிறவங்க ரீமிக்ஸ் பண்ணுங்கன்னு விட்டாங்க. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல கிடைக்கிற குரல்களும் நிறைய இருக்கு. உரிமத்தோட முழுப் பேரைப் படிச்சுப் பாரு. 'நோ டெரிவேட்டிவ்ஸ்'னு இருந்தா அது உனக்கில்ல. இதையெல்லாம் விட நல்ல வழி, உன் ஊர்லயே சொந்தமாப் பாட்டு போடுற பொண்ணோ பையனோ ஒருத்தர் இருப்பாங்க. நேரா மெசேஜ் பண்ணிக் கேளு. எந்தப் பாட்டு, ஏன் பிடிச்சுது, என்ன பண்ண நினைக்கிறே, எங்க போடப் போறே, பணம் வந்தா எப்படிப் பிரிக்கலாம்னு நாலைஞ்சு வரியில எழுது. கேட்டு வாங்கின குரலோட வேலை பார்க்கிறப்போ கை தைரியமா நகரும்.

ஸ்டெம் வாங்குறப்போ

எம்பி3 வேண்டாம், டபிள்யூஏவி ஃபைலா, 24 பிட்ல கேளு. எல்லா ஸ்டெமும் பாட்டோட பூஜ்ஜியத்துலேருந்தே தொடங்கணும். அப்போதான் ப்ரொஜெக்ட்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட்டா தானா பொருந்தும். குரல்ல ரிவர்ப் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணுன்னு ரெண்டும் வாங்கிக்கோ. பிபிஎம், சுருதி, சாம்பிள் ரேட் மூணையும் எழுதி வாங்கு. 44.1ல பதிவானதை 48னு நினைச்சு ஓட்டினா பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாகி, சுருதியும் ஒண்ணரை செமிடோன் ஏறி நிக்கும். நீ கீபோர்டுல என்ன வாசிச்சாலும் ஒட்டாது, ஏன்னும் புரியாது.

ஸ்டெமே கிடைக்கலைன்னா ஏஐ வெச்சுப் பிரிக்கலாம். எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் ப்ரோ ரெண்டுலயும் அந்த வசதி உள்ளேயே வந்துடுச்சு. வெளியில டீமக்ஸ் மாதிரி இலவசமாவும் இருக்கு. ஆனா பிரிச்ச குரலை அப்படியே நம்பிடாதே. தனியா ஓடவிட்டு 'ச', 'ஸ', 'ஷ' வர்ற இடங்களைக் கேளு. ஹை-ஹேட்டோட சலசலப்பு அந்த எழுத்துகள்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். நீண்ட சுரத்தோட முடிவுல ரிவர்ப் வால் பிய்ஞ்சு, தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஆகும். அந்த இடங்கள்ல உன்னோட ஹை-ஹேட்டையோ ஷேக்கரையோ சரியா மேல வெச்சா பாதிக்கு மேல மறைஞ்சுடும். பிய்ஞ்ச வாலை வெட்டிட்டு உன் ரிவர்பைப் போடு. இப்படிப் பிரிச்சு எடுத்ததாலயே அந்தக் குரல் உன்னோடது ஆயிடாது, அனுமதி கதை அப்படியேதான் இருக்கு.

டெம்போவுலதான் பாதிப் பேர் சறுக்குறாங்க

84 பிபிஎம்ல இருக்கிற மெலடியை 124 ஹவுஸுக்கு இழுத்தா அது கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வேகம். எந்த சாஃப்ட்வேரும் அந்தக் குரலைக் காப்பாத்தாது. ஜவ்வு மிட்டாய் மாதிரி உருக்குலைஞ்சு வரும். பாடினவங்க யோசிச்சு விட்ட இடைவெளி எல்லாம் காணாமப் போகும். அதுக்குப் பதிலா அந்த 84ஐ 87 ஆக்கு, நாலு சதவீதம்கூட இல்ல. டிரம்ஸை மட்டும் அதுக்கு ரெட்டிப்பா 174ல ஓட்டு. டிரம் அண்ட் பேஸ் ஆயிடுச்சு. குரல் தன் நடையில நிதானமாப் போகும், கீழ தாளம் பறக்கும். அதே மாதிரி 60ல போற தாலாட்டு 120 ஹவுஸ்ல எந்த இழுவையும் இல்லாம உட்காரும். ரீமிக்ஸோட ஜானரை முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஒரிஜினல் பிபிஎம்மை எழுதி, பக்கத்துல பாதியும் ரெட்டிப்பும் எழுது. பல சமயம் ஜானரை அந்த மூணு எண்ணே சொல்லிடும். பத்து சதவீதத்துக்கு மேல குரலை இழுக்கணும்னு வந்தா, பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி உன் யோசனையை மாத்து.

ஏபிள்டன்ல வேலை பார்த்தா குரலுக்கு 'காம்ப்ளெக்ஸ் ப்ரோ' மோடு வை. 'ரீ-பிட்ச்' வெச்சா பழைய ரெக்கார்டை வேகமாச் சுத்தின மாதிரி சுருதியும் சேர்ந்து ஏறும். 100ஐ 106 ஆக்கினா கருப்பு வெள்ளை சேர்த்து எண்ணினா அடுத்த கட்டைக்குப் போயிடும். அதுவும் ஒரு அழகுதான், தெரிஞ்சு செஞ்சா.

பழைய பாட்டா இருந்தா இன்னும் பொறுமை வேணும். எழுபது, எண்பதுகள்ல ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமா உட்கார்ந்து வாசிச்ச பாட்டுல வேகம் ஒரே சீரா இருக்காது. சரணத்துல கொஞ்சம் தளரும், பல்லவிக்குத் திரும்புறப்போ கொஞ்சம் முன்னாடி பாயும். அதைக் கிளிக்குக்குள்ள கொண்டுவர ஒவ்வொரு அடிக்கும் வார்ப் மார்க்கர் குத்தினா, பாடகரோட உயிர் மொத்தமாப் போயிடும். நாலு பாருக்கு ஒண்ணு போதும். நடுவுல அவங்க கொஞ்சம் முன்னப் பின்னப் பாடட்டும். பீட் கறாரா இருந்து குரல் அதும்மேல மிதக்கிறப்போதான் கேட்கிறவங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

திஸ்ர நடைப் பாட்டு கிடைச்சா பயந்து ஒதுக்காதே. நம்ம பாட்டுல பாதி 6/8தான். ஒவ்வொரு மூணு மாத்திரைக்கும் ஒரு கிக் வை. ரெண்டு 6/8 பார் சேர்ந்தா நாலு கிக், அதாவது டான்ஸ் ஃப்ளோரோட நாலு அடி வந்துடுச்சு. கிரிட்டை ட்ரிப்ளட்டுக்கு மாத்தி, ஹை-ஹேட்டை மூணு மூணா வாசி. தவிலும் நாட்டுப்புற மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டுச் சமாச்சாரம். வெளிநாட்டு சாம்பிள் பேக்ல அந்த லூப் அவ்வளவு எளிதாக் கிடைக்காது. நீயே வாசிச்சு எடு.

கார்டு போடுறப்போ ராகத்தைக் கேளு

குரலை மட்டும் தனியா எடுத்து புதுசா கார்டு போடுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. ஆபத்தும் அங்கதான். பாட்டு மோகனம்னு வெச்சுக்கோ, ஒரு கட்டை சுருதி. ஸ ரி க ப த. இதுல மவும் இல்ல, நியும் இல்ல. நீ பழக்கதோஷத்துல சி மேஜருக்கு அப்புறம் ஜி மேஜர் போட்டா, அதுக்குள்ள பி இருக்கு, அதாவது காகலி நி. பாடகி ஸவுல நிக்கிறப்போ பின்னாடி நி உரசும். சில இடத்துல அது இனிக்கும், பல இடத்துல ராகம் கலைஞ்சுடும். அந்த பியை எடுத்துட்டு சி போட்டுப் பாரு. ப ஸ ரி, மூணும் மோகனத்துக்குள்ளயே இருக்கு. சி மேஜர், ஏ மைனர் ரெண்டும் முழுசா ராகத்துக்குள்ள அடங்கும். இந்த மூணு கார்டை வெச்சே முழுப் பாட்டையும் நடத்தலாம். பேஸ் மட்டும் நகர்ந்தாக்கூடப் போதும். ஸ பக்கத்துலயே பேஸை நிறுத்தி தம்புரா மாதிரி விட்டா இன்னும் அழகு. எலக்ட்ரானிக் இசைக்கு ட்ரோன் ஒண்ணும் புதுசில்ல.

ஆட்டோட்யூனைக் குரல் மேல கண்ணை மூடிக்கிட்டுப் போடாதே. கமகம்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. காந்தாரத்தை அசைச்சுப் பாடினா, ரெண்டு சுரத்துக்கு நடுவுல தடுமாறுறதா நினைச்சு ரெண்டாவும் வெட்டிடும். நிஜமாவே சுருதி விலகின இடம் இருந்தா அந்த ஒரு அசையை மட்டும் கையால சரி பண்ணு.

எதை எடுக்கணும், எப்போ நிறுத்தணும்

ரீமிக்ஸ்னா சேர்க்கிறதுன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். ஜமைக்காவுல கிங்ஸ்டன் நகரத்துல, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்த கிங் டப்பி எழுபதுகள்ல செஞ்சது அதுக்கு நேர் எதிர். ஏற்கெனவே பதிவான பாட்டுலேருந்து குரலைத் திடீர்னு எடுத்துடுவார். ஒரு சொல் மட்டும் எக்கோவுல சுத்திச் சுத்தி மறையும். மிச்சத்துக்கு பேஸும் டிரம்ஸும்தான். டப் இசை அப்படி வளர்ந்தது. இன்னிக்கு நாம பண்ற ரீமிக்ஸுக்கெல்லாம் அந்த ரிப்பேர் கைதான் மூத்தது. அதனால எதையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி, இருக்கிற ஸ்டெம்களை ஒவ்வொண்ணா மியூட் பண்ணிக் கேளு. குரலும் பேஸும் மட்டும், குரலும் உருமியும் மட்டும். எந்த ஜோடியில முதுகு நிமிருதோ அங்கேருந்து கட்ட ஆரம்பி.

அமெரிக்காவுல டாம் மோல்டன், மூணு நிமிஷப் பாட்டு சூடு பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு, ஆடுறவங்க ஃப்ளோரை விட்டு இறங்கிப் போறதைப் பார்த்துட்டுத்தான் பாட்டுகளை நீட்ட ஆரம்பிச்சார். 1975ல வந்த குளோரியா கேனர் ஆல்பத்தோட ஒரு பக்கம் முழுக்க, மூணு பாட்டை இடைவெளி இல்லாமக் கோத்துக் கொடுத்தார். அவர் பார்த்தது ஆடுறவங்க காலை. நீயும் அதைப் பாரு. டிஜே வாசிக்கிறதுக்குன்னா முன்னாடியும் பின்னாடியும் 16 பார், இல்லாட்டி 32 பார் வெறும் தாளம் விடு, அப்போதான் அவரால அடுத்த பாட்டோட கோக்க முடியும். ஃபோன்ல கேட்கிறவங்களுக்கு அது வேண்டாம், முதல் பத்து செகண்டுக்குள்ள குரல் வரட்டும். ரெண்டுக்கும் ரெண்டு வெர்ஷன் பண்ணு.

சோகப் பாட்டு வந்தா சந்தோஷமா மாத்தணும்னு அவசரப்படாதே. 'எவ்ரிதிங் பட் த கேர்ள்' ஜோடியோட 'மிஸ்ஸிங்' 1994ல அமைதியான பாட்டா வந்தப்போ பெருசா எடுபடல. நியூயார்க்காரர் டாட் டெர்ரி அதுக்கு ஹவுஸ் பீட் போட்டார். 1995ல அந்த வெர்ஷன் கிளம்பி, பிரிட்டன்ல 3வது இடமும் அமெரிக்காவுல 2வது இடமும் பிடிச்சுது. டிரேசி தோர்ன் பாடின ஏக்கத்தை அவர் கொஞ்சமும் கலைக்கல. வரிகள், பல்லவி, சரணம் எல்லாம் அதது இடத்துல இருக்கு. கால் ஆடுது, மனசு கனக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கிறதுதான் அந்த ரீமிக்ஸோட பலம். அந்த ஜோடியே அடுத்த ஆல்பத்துல எலக்ட்ரானிக் பக்கம் திரும்பிட்டாங்க. எல்லாப் பாட்டுலயும் ஒரு நிமிஷத்துல ஒரு பெரிய ட்ராப் வெச்சே ஆகணும்னு யாரும் சட்டம் போடல. குரல் ஏறி நிக்கிற உச்சத்துல வாத்தியத்தை எல்லாம் நிறுத்திட்டு அவங்களை மட்டும் விட்டுப் பாரு.

மிக்ஸ் பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன். கிக் அடிக்கிறப்போ பேஸ் ஒதுங்கட்டும், சைட்செயின் அதுக்குத்தான். ஆனா குரலைச் சைட்செயின் பண்ணி ஊதி ஊதி அடங்க விடாதே, சொல் புரியாமப் போகும். குரலுக்கு அடியில 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை வெட்டிடு. பேஸை மோனோல வை. மாஸ்டர்ல உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாம மிக்ஸை முடி. அப்புறம் ஃபோன் ஸ்பீக்கர்ல, ஒத்தைக் காது இயர்ஃபோன்ல, தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் வண்டி ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு. வரிகள் தெரியாத ஒருத்தரை உட்கார வெச்சு, என்ன பாடுறாங்கன்னு திருப்பிச் சொல்லச் சொல்லு. திணறினா குரலை ஒரு டெசிபல் ஏத்து.

கொடுக்கிறப்போ

வெளியில போடுறதுக்கு முன்னாடி பாடினவங்களுக்கு அனுப்பு. கம்பெனி மூலமா வந்த வேலையா இருந்தாலும் அவங்க காதுக்குப் போக ஒரு வழி கேளு. பேர் போடுறப்போ அவங்க பேரும் பாட்டுப் பேரும் முன்னாடி, 'இன்னார் ரீமிக்ஸ்'னு உன் பேர் பின்னாடி. எழுதினவர், மெட்டமைச்சவர் பேர் விட்டுப் போகக் கூடாது. பணத்தை முதல்லயே பேசி எழுத்துல வாங்கிடு. ஒரே தொகையா, வர்ற ராயல்டியில பங்கா, புது மாஸ்டர் யாருக்குச் சொந்தம், எத்தனை தடவை திருத்தம் பண்ணித் தருவே, வெளியிடாமப் போனாலும் பணம் உண்டா. பொண்ணுங்க இதைக் கேட்கத் தயங்கி, "பரவாயில்ல, பேர் வந்தாப் போதும்"னு விட்டுடறதைப் பார்த்து எனக்கு ஆத்திரமா வரும். நீ விடாதே.

முழு மாஸ்டர், லிமிட்டர் இல்லாத மிக்ஸ், குரல் இல்லாதது, சின்ன வெர்ஷன், எல்லாத்தையும் 24 பிட் டபிள்யூஏவியா, பேர்லயே பிபிஎம்மும் சுருதியும் எழுதி ஒரே ஃபோல்டர்ல அனுப்பு. "என் குரல் இன்னும் கொஞ்சம் முன்னாடி வரட்டும்மா"ன்னு கேட்டாங்கன்னா வாக்குவாதம் வேண்டாம், மாத்திக் கொடு. மாத்தின ஃபைலுக்குப் புது நம்பர் போடு, பழையதை அழிச்சுடாதே. மூணாவது திருத்தத்துக்கு அப்புறம் "முதல்ல அனுப்பினதே நல்லாயிருந்துச்சே, அது இருக்கா?"ன்னு ஃபோன் வரும்.